வேட்டிக்குப் பின்னால் ஒரு யானை

எட்டாம் வகுப்புக்கு ஒளியும் நிழலும் பாடம் நடத்த வேண்டிய வாரம் நெருங்கினால் எனக்குத் தலைவலி வந்துவிடும். விடுப்புகூட எடுத்துப் பார்த்துவிட்டேன். திரும்பி வரும்வரை பிள்ளைகள் அந்தப் பாடத்தை எனக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். “ஒளி நேர்கோட்டில் செல்லும். குறுக்கே ஓர் ஒளிபுகாப் பொருள் வந்தால்...” என்று நான் ஆரம்பித்ததும், கடைசி பெஞ்சில் யாராவது இரண்டு உள்ளங்கைகளையும் காதோரம் வைத்து மெல்ல ஆட்டுவார்கள். வகுப்பே கரும்பலகையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்க்கும்.

அந்த ஒளிபுகாப் பொருள் நான்தான். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. சித்திரபுரத்தில் வேறு யாரிடம் கேட்டாலும் இதைவிடப் பெரிதாகச் சொல்வார்கள்.

என் மகள் தாரணி கோயம்புத்தூரில் காட்சித் தொடர்பியல் படித்தாள். (படம் பிடிக்கிற படிப்பு என்று என் மாமனாருக்கு விளக்கினோம். “அதுக்கு எதுக்குப் படிப்பு? எல்லாரும் போன்லயே எடுக்காவளே” என்றார்.) படிப்பு முடிந்ததும் ஒரு பழைய கேமராவையும் ஒரு குட்டி பிரிண்டரையும் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்து சேர்ந்தாள். இங்கேயே ஒரு சின்ன ஸ்டூடியோ போட வேண்டும் என்பது அவள் ஆசை. எஸ்டேட் கிளப்பில் ஒரு பக்கத்து அறை சும்மா கிடந்தது. கால் உடைந்த கேரம் போர்டும் ஒரு பழைய ஷட்டில் நெட்டும் தவிர அதில் குடியிருப்போர் யாரும் இல்லை. அந்த அறையைத்தான் கேட்டாள்.

கிளப் செக்ரட்டரி ராசையா அண்ணன் எதற்கும் உடனே சரி சொல்லுகிற ஆள் இல்லை. “வருசப் பொறப்புக்கு மொத நா சாயங்காலம் கிளப்பு முன்னால புல்தரையில ஒரு போட்டோ ஸ்டால் போடும்மா. மொதப் படம் எப்படி வருதுன்னு பாக்கேன். பெறகு ரூமப் பத்திப் பேசுவோம்” என்றார். அறை கிடைக்காவிட்டால் ஜனவரியில் எர்ணாகுளம். அங்கே என் மைத்துனன் ஒரு நாற்காலி பார்த்து வைத்திருந்தான். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்கள் திட்டுவதைக் கேட்டு நன்றி சொல்லும் வேலை. ஆக, என் பெண் இந்த மலையில் இருப்பதும் இறங்கிப் போவதும் அந்த முதல் படத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

முதல் படத்துக்கு ஆளும் தயார். தேயிலை கிள்ளி ரிட்டயர் ஆன முத்தம்மா அக்காவும் அவருடைய மூன்று மகன்களும். வருடக் கடைசியில்தான் எங்கள் மலைக்கு அதன் பிள்ளைகள் திரும்பக் கிடைப்பார்கள். திருப்பூர், கொச்சி, துபாய் என்று சிதறியவர்கள் எல்லாம் அந்த ஒரு வாரம் லயத்து வரிசை வீடுகளில் கால் நீட்ட இடமில்லாமல் படுத்திருப்பார்கள். முத்தம்மா அக்காவின் கடைக்குட்டி கணேசன் மறுநாள் விடிந்ததும் துபாய்க்குக் கிளம்புகிறவன். மூன்று பேரும் அம்மாவோடு ஒன்றாக நின்ற படம் ஒன்றுகூட அந்த வீட்டில் கிடையாது.

“நல்லா எடுப்பியாட்டீ?” என்று தாரணியிடம் கேட்டார் அக்கா. “ஓட்டுக் கார்டுல என்னயக் களவாணி மாரி எடுத்து வச்சிருக்கான். ஓட்டுப் போடப் போனா அந்த ஆபீசரு என்னய மேலயும் கீழயும் பாக்கான்.”

“சிரிச்சா நல்லா வரும் அத்தை.”

“சிரிக்கதா? அதெல்லாம் எனக்கு வராது. நீ வெளிச்சத்த நல்லா வை, போதும்.”

வெளிச்சம்! அந்த ஒரு சொல் என் காதில் விழுந்திருக்கக் கூடாது.

மூணாறில் ஒரு கடையில் ஸ்டூடியோ விளக்குகளுக்கு விலை கேட்டிருந்தோம். கேட்டுவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டோம். தாரணி அதற்காகக் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. “எனக்கு மஞ்சு போதும்ப்பா” என்றாள். (எங்கள் பக்கம் மூடுபனியை மஞ்சு என்போம்.) “சாயங்காலம் மஞ்சு இறங்கிருச்சுன்னா மேல கீழ எல்லாமே ஒரு பெரிய வெள்ளத் துணி மாதிரி ஆயிரும். அதுக்குள்ள வர்ற வெளிச்சம் முகத்துல எங்கயும் உறுத்தாது. பின்னால ஒரு வேட்டியக் கட்டிட்டா முடிஞ்சுது.”

எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. மஞ்சை நம்பி யாராவது பிழைப்பு நடத்துவார்களா? அது இறங்காவிட்டால்? இறங்கி, முத்தம்மா அக்காவே தெரியாமல் போய்விட்டால்? படத்தில் மூன்று மகன்களுக்குப் பதிலாக இரண்டரைப் பேர் மட்டும் விழுந்தால்? ஒளி என்பது என் பாடம். இத்தனை வருடம் சுண்ணாம்புக்கட்டியால் ஒளிக்கதிர் வரைந்தவன், சொந்தப் பெண்ணின் முதல் படத்தை வானிலையிடம் ஒப்படைப்பதா?

கோயில் திருவிழாக்களுக்கு மைக்செட் கட்டுகிறவரிடமிருந்து ஒரு ஹாலஜன் விளக்கை இரவல் வாங்கி வந்தேன். அதைப் போட்டால் பள்ளிவாசல் எஸ்டேட் பூச்சிகளெல்லாம் குடும்பத்தோடு வரும். பிறகு சமையலறையிலிருந்து இரண்டு சொளகை எடுத்து (முறம்தான், எங்களுக்குச் சொளகு) தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கிற வெள்ளித் தாளை அவற்றின் மேல் ஒட்டினேன். ஒளியை எதிரொளிக்க. கடைக்காரன் கேட்ட விலைக்கு நான் இருபது சொளகு செய்து காட்டியிருப்பேன் என்று பெருமையாக இருந்தது.

என் மனைவி சரசு அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் மின்வாரிய ஆபீசில் வேலை பார்க்கிறவள். நாங்கள் இருக்கிற ஆபீஸ் குடியிருப்பே அவள் தயவு.

“ஏங்க, பிள்ள கேட்டுச்சா இதெல்லாம்?”

“கேக்கல.”

“பெறகு எதுக்கு?”

“கேக்காமலே செய்யணும் சரசு. அதுதான் தகப்பன்.”

“கேக்காமலே செய்யறது போன வாரம் ரேசன் கடைக்கு வந்துச்சுல்லா, அது. கதவத் தொறந்து குடுன்னு அதுகிட்ட யாரு கேட்டா?”

அவள் சொன்னது ஒற்றை ஆண் யானையை. பொழுது சாயும் நேரத்தில் அது தேயிலைக்குள் இருந்து சத்தமில்லாமல் வரும். ரேஷன் கடைக் கதவைத் திறந்து (திறந்து என்றால் பெயர்த்து) அரிசியைத் தின்றுவிட்டு, வந்த வழியே மஞ்சுக்குள் கரைந்து போய்விட்டது. அந்த வாரம் முழுக்க ஊரில் எல்லோரும் ஒரு காதை மலைப்பக்கம் வைத்துக்கொண்டுதான் பேசினார்கள். இலை அசைந்தால் பேச்சு நின்றுவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

வருடத்தின் கடைசி மாலை வந்தது. தாரணி சொன்னபடியே மஞ்சும் வந்தது. முதலில் எதிர்மலையின் சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாக இடத்தைக் காலி செய்தன. பிறகு ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கடை, அதற்கப்புறம் ரோடு. கிளப்பின் புல்தரை மட்டும் பாலில் மிதக்கிற ஒரு பச்சைத் தட்டுபோல மிச்சமிருந்தது. அதன்மேல் பிள்ளைகள் பலூன்களோடு தோன்றினார்கள், மறைந்தார்கள், வேறு இடத்தில் மறுபடி தோன்றினார்கள். யாரோ பேசுவது கேட்கும், ஆள் இருக்க மாட்டார். நட்சத்திர விளக்கின் சிவப்பு, கரைந்த குங்குமம்போலக் காற்றில் நின்றது. எனக்கே ஒரு நிமிடம் மனசு லேசானது. இந்த வெளிச்சத்தில் எந்த முகமும் அழகாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. அந்த ஒரு நிமிடத்தோடு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

புல்தரை முடிந்து தேயிலை ஆரம்பிக்கிற இடத்தில் மூங்கில் நட்டு, என் இரண்டு வெள்ளை வேட்டிகளைச் சேர்த்துத் தைத்துக் கட்டியிருந்தோம். மூங்கில் கொஞ்சம் உயரமாகிவிட்டதால் வேட்டி தரை வரை எட்டாமல் முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. அதற்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் முத்தம்மா அக்கா, பச்சைப் பட்டில், தேர்வு எழுத வந்தவர்போல. பின்னால் மூத்தவன் மாரியும் இரண்டு தம்பிகளும். எதிரே கேமராவோடு தாரணி, கொஞ்சம் தள்ளிப் புத்தாண்டுக் கேக் மேசை. அவளுக்குப் பின்னால் ராசையா அண்ணன், ஊர், ஊரின் சொந்தக்காரர்கள். அவர்களுக்கும் பின்னால், வட்டவடையிலிருந்து காரட்டும் பூண்டும் ஏற்றி வந்த ஜெயபாலின் ஜீப், புல்தரையைப் பார்த்தபடி நின்றது. அவன் கேக் வெட்டும்வரை இருந்துவிட்டுப் போகலாம் என்று நின்றவன்.

தாரணி ஒரு படம்கூட எடுத்திருக்க மாட்டாள். நான் வேட்டிக்குப் பின்னால் போய், ஒரு கல்லின் மேல் வைத்திருந்த ஹாலஜனைப் போட்டுவிட்டேன். வெள்ளைப் பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டாமா?

“அப்பா!” தாரணியின் குரல் வேட்டியைத் தாண்டி வந்தது. “அது வேணாம்ப்பா. அத்தை தலைக்குப் பின்னால நடுவுல மட்டும் எரியுது.”

“இரும்மா, பரப்பிவிடுதேன்!”

“பரப்ப வேணாம், அணைங்க!”

அணைப்பதா? நடுவில் குவிகிற ஒளியை இரண்டு பக்கமும் பரப்ப வேண்டும், அவ்வளவுதானே. எனக்கு அது ஒரு எளிய கணக்காகத் தோன்றியது. விளக்குக்கும் வேட்டிக்கும் நடுவில் போய் நின்றேன். இரண்டு கையிலும் இரண்டு சொளகு. ஒளி பிடிபடும்வரை அவற்றை மெல்ல முன்னும் பின்னும் ஆட்டினேன். குளிருக்குப் போர்த்தியிருந்த கம்பளி தோளில் மலைபோல எழும்பி நின்றது. குனிந்தபோது மப்ளரின் ஒரு முனை அவிழ்ந்து முகத்துக்கு முன்னால் நீளமாகத் தொங்கியது. எதிரொளிப்பு விதியை நினைத்தேன், படுகோணத்தை நினைத்தேன். எட்டாம் வகுப்புக் குழந்தைக்கும் தெரிந்த நிழல் என்ற ஒன்றை மட்டும் நினைக்கவில்லை.

ஹாலஜனின் சூட்டில் பழைய தூசி கிளம்பியது. எனக்குத் தும்மல் வந்தது. என் தும்மல் குடும்பச் சொத்து. அப்பாவிடமிருந்து வந்தது. மூணாறு பஸ் ஸ்டாண்டில் தும்மினால் டிரைவர்கள் வண்டியை ஓரங்கட்டுவார்கள்.

தும்மினேன்.

அந்தப் பக்கம் இருந்த எல்லாச் சத்தமும் நின்றது. அப்படி ஒரு அமைதியை நான் வகுப்பில் பார்த்ததே இல்லை. பிறகு ஒரு பெண் குரல்:

“ஆனை!”

அப்புறம் நூறு குரல். “ஆனைடா! பின்னால ஆனை! ஏலே மாரி, அம்மையத் தூக்குலே!”

இங்கே நீங்கள் என் நிலையைப் புரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் எல்லோரும் வேட்டியில் ஒரு யானையைப் பார்த்துக் கத்துகிறார்கள். எனக்குக் கேட்டதோ ‘பின்னால ஆனை’ என்பது மட்டும். என் பின்னால் என்ன இருக்கிறது? தேயிலை. தேயிலைக்குள் இருந்துதானே அது வரும்? நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கிற தைரியம் உள்ளவனாக இருந்தால் நான் வேறு வேலைக்குப் போயிருப்பேன். நேராக ஓடினேன். நேரே இருந்தது வேட்டி.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு விஷயம் நடந்தது. இதை நான் யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. வேட்டி என் முகத்தில் படிந்து, மூங்கிலிலிருந்து பிய்த்துக்கொண்டு என்னோடு வந்தது. அதற்குள் எல்லாம் வெள்ளை. முன்னால் வெளிச்சம், பின்னால் வெளிச்சம். சத்தம் எங்கேயோ தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல. கால் ஓடுகிறது, ஆனால் எங்கும் போகவில்லை. செத்துப்போனால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். பரவாயில்லை, வெளிச்சம் உறுத்தவில்லை, பிள்ளை சொன்னது சரிதான் என்றும் நினைத்தேன். அந்த நினைப்பு முடிவதற்குள் முட்டியில் ஏதோ இடித்துக் கேக் மேசைமேல் விழுந்தேன்.

வெளியே நடந்ததைப் பலரும் பலவிதமாகச் சொல்லிக் கேட்டுத் தொகுத்தது இது.

வேட்டியில் முதலில் தெரிந்தது முதுகு. பிறகு இரண்டு காதும் விரிந்து மெல்ல வீசத் தொடங்கின. பிறகு துதிக்கை இறங்கியது. பிறகு அது பிளிறியது. மூத்தவன் மாரியும் நடு மகனும் நாற்காலியின் இரண்டு பக்கமும் பிடித்து அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். துபாய் கணேசனுக்குப் பிடிக்க இடம் கிடைக்கவில்லை. அவன் அம்மாவின் செருப்பை எடுத்துக்கொண்டு ஓடினான். ஜெயபால், ஆனை எந்தப் பக்கம் என்று பார்க்க ஜீப்பின் முன்விளக்கு இரண்டையும் போட்டான். அந்த வெளிச்சம் மஞ்சுக்குள் புகுந்து, உடைந்து, பால்போலப் பரவி ஓடி வருகிற முகங்களின் மேல் விழுந்தது. சரியாக அந்த நேரத்தில் யானை வேட்டியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. வெள்ளை யானை. வெள்ளிக் காது.

முத்தம்மா அக்கா ஒருவர் மட்டும் பயப்படவில்லை. உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தபோது, வேட்டிக்குக் கீழே இருந்த இடைவெளியில் இரண்டு நீல ரப்பர் செருப்புகள் தெரிந்திருக்கின்றன.

“எறக்கி விடுங்கலே, கிறுக்குப் பயலுவளா!” என்று நாற்காலியில் குலுங்கிக்கொண்டே கத்தினாராம். “அது ஆனை இல்லலே! நம்ம சாரு! செருப்பு போட்ட ஆனைய எங்கலே கண்டிய?”

ஒருவரும் இறக்கிவிடவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு சொல்லும் சொல்ல முடியவில்லை.

என்னை வேட்டியிலிருந்தும் கேக்கிலிருந்தும் பிரித்தெடுத்தது சரசு. “அடி பட்டுச்சா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “சரி” என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் முறைத்தாள். அதற்குள் யாரோ வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள்: ‘கிளப் பக்கம் வெள்ளை ஆனை. யாரும் வர வேண்டாம்.’ கொஞ்ச நேரத்தில் வனத்துறை வாட்சர் ஒருவர் மூச்சு வாங்க வந்து, “ஆன எவிடெ?” என்று மலையாளத்தில் கேட்டார். ஊரே என்னைக் கைகாட்டியது. அவர் டார்ச் அடித்து என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். நெற்றியில் கிரீம், கையில் இன்னும் ஒரு சொளகு. “கொம்பில்லல்லோ” என்று மட்டும் சொன்னார். கொம்பு இல்லையே என்பதில் அவருக்கு ஒரு வருத்தம் இருந்ததுபோலத் தெரிந்தது.

நான் தாரணியைத் தேடினேன். அவள் கூட்டத்தை விட்டுத் தள்ளி, கேமராவின் சின்னத் திரையைப் பார்த்தபடி நின்றாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. எர்ணாகுளத்து நாற்காலியை என் கையாலேயே இழுத்துப் போட்டுவிட்டேன். பக்கத்தில் போய் நின்றேன். என்ன சொல்வது? நான் அறிவியல் ஆசிரியன் என்றா?

“தாரணி...”

திரும்பினாள். அழுகைதான். ஆனால் பேச முடியாத அளவுக்குச் சிரித்து வந்த அழுகை. கேமராவை என் பக்கம் நீட்டினாள்.

அந்தப் படத்தை நான் எப்படிச் சொல்வது? மஞ்சுக்குள்ளிருந்து வருகிறார்கள். நாற்காலி தரையில் இல்லை, காற்றில் இருக்கிறது. பல்லக்கில் வருவதுபோல முத்தம்மா அக்கா, தலையைப் பின்னால் சாய்த்து, வாய் கொள்ளாமல் சிரிக்கிறார். அந்த முகத்தை எங்கள் ஊரில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. அம்மாவை விட்டுவிடக் கூடாது என்கிற ஒரே எண்ணம் மூன்று மகன்களின் முகத்திலும் அப்படியே இருக்கிறது. கணேசன் செருப்பை நெஞ்சோடு அணைத்திருக்கிறான். எந்த முகத்திலும் ஒரு கருநிழல் இல்லை. அவர்களுக்குப் பின்னால், பனியும் துணியும் எங்கே பிரிகின்றன என்று தெரியாத இடத்தில், இரண்டு வெள்ளிக் காதுகளோடு ஏதோ ஒரு வெள்ளை உருவம் மேகத்திலிருந்து இறங்கி வருகிறது.

“ஓடாம எடுத்தியாம்மா?” என்றேன்.

“ஓடத்தான் பாத்தேன். விரல் கேமராவுல இருந்துச்சு, கால் கேக்கல.”

ராசையா அண்ணன் வந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவர் பார்ப்பது முடியவே இல்லை. முத்தம்மா அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தானும் எட்டிப் பார்த்தார்.

“இது நானாட்டீ?”

“நீங்கதான் அத்தை.”

“களவாணி மாரி இல்லையே.” சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பின்னால பாரு, ஐராவதம் மாரி வாராரு சாரு. இதையே போட்டுக் குடு. வேற எடுக்க வேணாம்.”

ராசையா அண்ணன் சட்டைப் பையில் கையை விட்டு, அறைச் சாவியை எடுத்து தாரணியிடம் கொடுத்தார். என் பக்கம் திரும்பி, “சாரே, ஆனை நெஜமாவே மஞ்சுக்குள்ள இருந்து வந்த மாரியே இருக்கு” என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று இன்றுவரை முடிவு செய்யவில்லை.

அன்று மாலை மேலும் பல குடும்பங்கள் வரிசையில் நின்றன. எல்லோருக்கும் அதே ஜீப் வெளிச்சம் வேண்டும், அதே மஞ்சு வேண்டும். அதோடு விட்டார்களா? “எங்களுக்கும் ஆனை வேணும்.” ஜெயபால் வட்டவடைக்குத் திரும்புவதை மறந்து முன்விளக்கைப் போட்டும் அணைத்தும் உதவினான். நான் கிழிந்த வேட்டியைப் போர்த்திக்கொண்டு பின்னால் நின்றேன். நல்ல வேளையாக யாரும் தும்மச் சொல்லவில்லை.

கணேசன் மறுநாள் அந்தப் படத்தோடுதான் விமானம் ஏறினான். துபாயில் அவன் அறையில் ஒட்டியிருக்கிறானாம். தாரணியின் ஸ்டூடியோ வாசலிலும் அதே படம் பெரிதாக இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் பார்த்துவிட்டு, பின்னால் இருப்பது கம்ப்யூட்டரில் செய்ததா என்று கேட்பார்கள். “இல்லை, எங்க வீட்டுல செஞ்சது” என்பாள் சரசு.

நான் இன்னும் முழுசாகத் தேறவில்லை. யாராவது பின்னாலிருந்து “சார்” என்று சத்தமாகக் கூப்பிட்டால் முட்டி வலிக்கிறது. ஹாலஜனை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒளி விஷயத்தில் இனி தலையிடுவதில்லை என்று பெண்ணிடம் வாக்கும் கொடுத்தேன். அவளும் சரி என்றாள்.

ஆனால் ஒவ்வொரு வருடக் கடைசியிலும் சித்திரபுரத்தில் அந்த மாலை வரும். சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். ரோடு கரையும். ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்கும். நான் எதுவும் கேட்காதவன்போலப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருப்பேன். அடுப்படியில் சரசு ஆணியிலிருந்து சொளகுகளைக் கழற்றும் சத்தமும் கேட்கும். அப்புறம், மஞ்சுக்குள் எங்கேயோ இருந்து, ஆளைக் காட்டாமல் என் மகளின் குரல் வரும்:

“அப்பா, வெளிச்சம் வந்துருச்சு. காத எடுத்துட்டு வாங்க.”